ஒருமனதாக

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் 'அரைப்புள்ளி' என்று பட்டப்பெயர். சட்ட அவையில் உறுப்பினர் ஒருவர் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கிய இடத்தில் போட வேண்டியது அரைப்புள்ளியா, காற்புள்ளியா என்று அச்சகத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்ற மனிதர். நானும் அதே அவையில் சுருக்கெழுத்தராக இருந்தவள்தான். மணிக்கட்டு வலி தாங்காமல் இரண்டு வருடத்துக்கு முன்பு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அவரோ பிரிவுக்கே தலைவராகி, அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார். இருபத்தெட்டு வருடத்தில், எழுதிய குறிப்பில் பிழை என்று அவர் பெயரில் ஒரு திருத்தச் சீட்டுகூட வந்ததில்லை. அதைப் பிரிவுபசார விழாவில் சொல்லப் போகிறார்களாம். என்னிடமே பத்துத் தடவை சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் காசாளர் நிற்கிறார்.

மத்திய வங்கியில் இருபது வருடம் காசாளராக இருந்து, ஊழியர் சங்கம் நிறுத்தித் தேர்தலில் ஜெயித்து, அவைக்கு வந்தவர் அவர். உறுப்பினரான பிறகும் எல்லோரும் காசாளர் என்றே கூப்பிட்டார்கள். ஒரே ஒரு தவணைதான் இருந்தார். இப்போது எண்பது வயதிருக்கும். மூன்று மாடி ஏறியதில் மூச்சு இரைத்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"உள்ள வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி, "வாங்க" என்றார். தலை உடனே உள்ளே போய்விட்டது.

காசாளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "வங்கிக்கு நூறு வருஷம் ஆகுதும்மா. வரலாறு போடறாங்க. நாளைக்குச் சாயந்தரம் அச்சுக்குப் போகுதாம்."

அந்த வரலாறு எனக்கும் தெரியும். எங்கள் தலைநகரத்தில் அவையும் வங்கியும் ஒரே சதுக்கத்தில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. முதலில் வந்தது வங்கிதான். அவைக்குக் கட்டடம் இல்லாத ஆறு வருடமும் உறுப்பினர்கள் வங்கியின் பணக்கூடத்தில்தான் கூடினார்கள், அதுவும் மாலை நான்கு மணிக்கு மேல், வாடிக்கையாளர்கள் எல்லாம் போன பிறகு. கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் அமைச்சர்கள், இந்தப் பக்கம் எதிர்க்கட்சி. வங்கியிடம் குடியிருந்துகொண்டு போட்ட சட்டம் என்பதாலோ என்னவோ, முதல் வங்கிச் சட்டத்தில் வீட்டுச் சொந்தக்காரருக்குக் காட்டுகிற மரியாதை இருந்தது. வங்கி ஆளுநரை நீக்க அவையில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும். எந்த அமைச்சரும் தனியாக அவர் மேல் கை வைக்க முடியாது. எழுபது வருடம் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு பிற்பகல் அதைத் திருத்தினார்கள். இனி அமைச்சரின் கடிதம் ஒன்று போதும். எல்லாக் கட்சிகளும் முன்பே பேசி வைத்துக்கொண்ட விஷயம், அதனால் விவாதம் நாற்பதே நிமிடம். மசோதா ஒருமனதாக நிறைவேறியது என்று அவைக் குறிப்பு சொல்கிறது. ஒன்றரை வருடத்தில் ஆளுநர் வீட்டுக்குப் போனார். அடுத்த ஐந்து வருடத்தில் மூன்று பேர் வந்து போனார்கள். வங்கி அமைச்சருக்கு எடுபிடி ஆகிவிட்டது என்று முடிவெட்டும் கடையில்கூடப் பேசினார்கள்.

அந்த 'ஒருமனதாக' என்ற சொல்தான் காசாளருக்கு எமனாக வந்தது. 'நாம அனுப்பின ஆளே வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்' என்றார்கள் வங்கிக்காரர்கள். அடுத்த தேர்தலில் கட்டுத்தொகைகூடத் தேறவில்லை. சங்க அலுவலகச் சுவரிலிருந்து அவர் படத்தைக் கழற்றினார்கள். அவர் மனைவி இறந்தபோது, இருபது வருடம் கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. எனக்குத் தெரியும். என் காதால் கேட்டேன்.

அவையில் சுருக்கெழுத்தர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாறுவோம். மாறும்போது கடைசி அரை நிமிடம் இரண்டு பேரும் மேசையில் இருக்க வேண்டும். போகிறவர் எழுந்துகொள்ளும் வரை வருகிற குரல் எல்லாம் அவர் பொறுப்பு. வருகிறவர் உட்கார்ந்த பிறகு வருவது இவர் பொறுப்பு. அன்றைக்குப் போகிறவள் நான், வருகிறவர் என் வீட்டுக்காரர். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். இரண்டு பேருக்குமே வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவைத் தலைவர் "எதிர்ப்போர் 'இல்லை' என்க" என்றார். நான் பாதி எழுந்திருந்தேன், என் வீட்டுக்காரர் பாதி உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில்தான் பின்வரிசையிலிருந்து காசாளரின் குரல் வந்தது. என் வீட்டுக்காரர் எழுதுவார் என்று நான் பேனாவை மூடிவிட்டேன். அவர் தாளில் முதல் சொல்லே 'ஒருமனதாக'.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, "நடுவுல ஒரு குரல் வந்துச்சே, எழுதினீங்களா?" என்று கேட்டேன். "எந்தக் குரல்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வாரம் காசாளர் புகார்க் கடிதம் கொடுத்தார். செயலாளர் எங்களைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரரிடம்தான் முதலில் கேட்டார். இவர் தன் காதில் எந்தக் குரலும் கேட்கவில்லை என்றார். எனக்குக் கேட்டது என்று சொன்னால் இவர் காது மந்தம் என்று ஆகிவிடும், காது மந்தமான சுருக்கெழுத்தரை யார் வேலையில் வைப்பார்கள்? எனக்கும் கேட்கவில்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வெளியே வந்து தேநீர் குடித்தோம். இதெல்லாம் நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

"வங்கி நூலகர்தான் புத்தகத்தப் பாத்துக்குது. நல்ல பொண்ணு" என்று காசாளர் தொடர்ந்தார். "ஆனா அவைக் குறிப்புல இருக்கறதத்தான் போட முடியும், குறிப்பு திருந்தினா நாங்களும் திருத்திடறோம்னு சொல்லிடுச்சு. நாளைக்குக் காலைல குடுத்தா போதுமாம்." உறையிலிருந்து திருத்தச் சீட்டுப் படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். கீழே இரண்டு கோடுகள். போகிறவர் கையெழுத்து, வருகிறவர் கையெழுத்து.

செய்தித்தாள் பேசியது. "கேக்காத ஒண்ணுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். பிறகு காசாளரைப் பார்த்தேன். "எனக்குக் கேட்டுச்சுங்க. அன்னிக்குச் செயலாளர்கிட்ட நான் சொன்னது பொய்."

"தெரியும்மா" என்றார் அவர். "நீங்க தலையத் தூக்கி என்னப் பாத்தீங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. இத்தனை வருடமும் இந்த மனிதருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த அநியாயம் வேறு எதற்கு என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். எனக்குரிய கோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

"ஒரு கையெழுத்து செல்லாது" என்றது செய்தித்தாள். "விதி பதினெட்டு."

"விதியாவது மண்ணாங்கட்டியாவது! வயசானவர் மூணு மாடி ஏறி வந்திருக்கார். அந்தப் பேப்பரக் கீழ வச்சுட்டு மனுஷனா பேசுங்க."

"நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன். அவ்வளவுதான்."

அரைப்புள்ளியிடம் அதற்கு மேல் பேச முடியாது. நான் படிவத்தை என் பக்கம் திருப்பினேன். இவரை ராத்திரிக்குள் எப்படியாவது வழிக்குக் கொண்டுவரலாம், முதலில் எழுதியாவது வைப்போம் என்று, "விடுபட்ட பேச்சுன்னு ஒரு கட்டம் இருக்குங்க. நீங்க சொல்லச் சொல்ல எழுதணும். சொல்லுங்க" என்றேன்.

காசாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். குரல்கூட மாறிவிட்டது.

"தலைவர் அவர்களே! இந்த வங்கி ஓர் அமைச்சரின் சட்டைப்பை அல்ல. ஏழை மக்கள் நம்பிக்கையோடு ஒப்படைத்த சாவியை, இன்று நாம் ஒரு தனி மனிதரின் கையில் கொடுக்கிறோம். வரலாறு நம்மை மன்னிக்காது. இந்த அவையில் நான் ஒருவனே ஆனாலும் எழுந்து நின்று எதிர்க்கிறேன்..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். அட கடவுளே! இதில் ஒரு சொல்கூட அன்று அவர் சொன்னதில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதும் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, அது வளர்ந்து இவ்வளவு பெரிதாகிவிட்டது. அவருக்கு இப்போது இதுதான் நினைவு. நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு இதையாவது கொடுக்கலாமே என்று தோன்றியது. எழுத ஆரம்பித்தேன். எழுதியதைச் சத்தமாகவும் படித்தேன்.

"தலைவர் அவர்களே, இந்த வங்கி ஓர் அமைச்சரின் சட்டைப்பை அல்ல..."

செய்தித்தாள் கசங்குகிற சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

"...வரலாறு நம்மை மன்னிக்காது. நான் ஒருவனே ஆனாலும் எழுந்து நின்று..."

"எங்க எழுந்து நின்னார்?" என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். செய்தித்தாள் தரையில் கிடந்தது. "என்ன எழுதிட்டிருக்க நீ? இதையா அவைக் குறிப்புல ஏத்துவாங்க? சட்டைப்பையும் இல்ல, சாவியும் இல்ல. உக்காந்த இடத்துலேர்ந்து, 'வேண்டாங்க'ன்னார். யாரும் திரும்பலன்னதும் இன்னொரு தடவ 'வேண்டாம்'னார். அவ்வளவுதான். ரெண்டே சொல்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வீட்டு நுணல் நடுக்கூடத்தில் வாயைத் திறந்தபடி நின்றது.

எனக்கு ஒரு தடவை சொன்னதுதான் நினைவிருந்தது. இரண்டாவதை நான் கேட்கவே இல்லை, அதற்குள் கதவுப் பக்கம் போயிருப்பேன். அப்படியானால் இவருக்கு என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறது.

"எந்தக் குரல்னு கேட்டீங்களே" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இருபத்தாறு வருஷமா எனக்குத்தான் காதுல கோளாறோன்னு நினைச்சிட்டிருந்தேன். உங்க மூஞ்சியப் பாத்து எத்தனையோ ராத்திரி எனக்கே சந்தேகம் வந்திருக்கு. படுபாவி மனுஷா!"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நீ பாதிதான் எழுந்திருந்த. விதிப்படி அந்தக் குரல் உன் பொறுப்பு. கேட்டுச்சுன்னு நான் சொல்லியிருந்தா, உன்னத்தான் மேசையிலேர்ந்து எடுத்திருப்பாங்க. நிரந்தரமாகாத வேலை. அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. உனக்கு அந்த மேசைன்னா உயிரு."

"நான் உங்க வேலை போயிடுமேன்னு வாய மூடிக்கிட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைகளுக்கு நான் உருகிப் போயிருப்பேன். அன்றைக்குப் பக்கத்தில் காசாளர் உட்கார்ந்திருந்தார்.

அவர் எங்களைக் கவனிக்கவே இல்லை. "வேண்டாங்க, வேண்டாம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நான் எழுந்து நிக்கலயா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"நூத்திப் பன்னெண்டு பேர் இருந்தாங்க. பயமா இருந்துச்சு" என்றார் காசாளர். "ஆமா. உக்காந்துதான் இருந்தேன்." படிவத்தைத் தொட்டுக்காட்டி, "அதையே போடுங்க" என்றார்.

நான் எழுதியதை எல்லாம் ஒரே கோடாக அடித்தேன். அதன் கீழே, 'உறுப்பினர் (இருக்கையில் அமர்ந்தபடி): வேண்டாங்க. வேண்டாம்.' என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் குனிந்து அதை இரண்டு முறை படித்தார். இரண்டாவது கோட்டில் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் பெயரில் ஏறிய முதல் திருத்தச் சீட்டு.

காசாளர் படிவத்தை மடிக்காமல் உறைக்குள் வைத்துக்கொண்டார். தேநீர் வேண்டாம் என்றுவிட்டார். கதவு வரை போனோம். "எங்கள மன்னிச்சிடுங்க" என்றேன்.

காசாளர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க அவரக் காப்பாத்தினீங்க. அவர் உங்களக் காப்பாத்தினார். நல்ல குடும்பம்மா. நான்தான் நடுவுல உக்காந்திருந்தேன்."

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக அவர் இறங்கினார். துணைக்கு வரட்டுமா என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.