யார் கையில் காப்பு

குழந்தையின் கையில் கட்டுவதற்காகப் பூசாரி பக்கிரி மஞ்சள் தோய்த்த காப்புக் கயிற்றைக் கையிலெடுத்தபோதுதான், தான் ஏமாற்றப்பட்டிருப்பது இலக்கியாவுக்கு விளங்கியது.

"பொங்கல் வெச்சுட்டு ஒடனே திரும்பிடலாம்" என்று சொல்லியே அவளையும் குழந்தை அனுப்பிரியாவையும் பழனிவேல் கடலூர்ச் செம்மண்டலத்து வீட்டிலிருந்து அழைத்து வந்திருந்தான். சிதம்பரத்தைக் கடந்து கொள்ளிடக் கரையோரம் இருந்தது அவனுடைய குலதெய்வமாகிய பச்சைவாழியம்மன் கோயில். மறுநாள் காலை, குழந்தையின் இரத்தப் புற்றுநோய்க்காகப் புதுச்சேரி மருத்துவமனையில் அடுத்த ஊசி போட வேண்டும். குறித்த நாள் தவறவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால், காப்புக் கட்டிக்கொண்டவர் எட்டாம் நாள் அதை அவிழ்க்கும் வரையில் ஊர் எல்லையைத் தாண்டலாகாது என்பது அவ்வூர் வழக்கம்; அம்மனின் காவல் அவ்வெல்லைக்குள்தானாம்.

இலக்கியா குழந்தையின் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னா மாமா இது?"

அத்தை மகனையே மணந்தவளாதலால் கணவனை அவள் மாமா என்றே அழைப்பாள். பழனிவேல் அம்மனைப் பார்த்தானேயன்றி அவளைப் பார்க்கவில்லை. அவனுக்காக அவன் தமக்கை ரத்தினம்மாள் வாய் திறந்தாள்.

"எட்டு நாளுதான இலக்கியா. குறி கேட்டுட்டுதான் செய்யறோம். மூணு வயசுல முடியெறக்கறதா வேண்டிக்கிட்டு, தாய்மாமன் மடியில உக்கார வெக்கணும், ஒந்தம்பி துபாய்லேருந்து வரட்டும் வரட்டும்னு தள்ளிப் போட்டீங்க. நீங்க குடுக்கலைன்னதும் ஆத்தாளே எடுத்துக்கிட்டா."

குழந்தையின் தலையில் ஒரு முடியும் இல்லை. இடுப்பைத் தொட வளர்ந்திருந்த கூந்தல், மருந்தின் கடுமையால் கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. அதை நாள்தோறும் பொறுக்கி எடுத்தவள் இலக்கியா.

"எடுத்துக்கிட்டால்ல அண்ணி? அப்பறம் இன்னா பாக்கி?"

"ஆத்தா எதுர வாய் ஜாஸ்தியா பேசாதடி!"

"ஆத்தாகிட்ட நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இப்ப ஒங்க தம்பிகிட்டதான் பேசிக்கினு இருக்கேன். மாமா, டாக்டர் சொன்னது ஒங்காதுல உழுந்துதா இல்லியா?"

"உழுந்துது" என்றான் பழனிவேல், தாழ்ந்த குரலில். "ஒவ்வொரு ஊசிக்கும் புள்ள தொவண்டு தொவண்டு உழுவுது. என்னால பாக்க முடியல. நான் ஆத்தாள நம்பறேன். நீயும் நம்பு."

"நம்பறியா? நீ பயந்து போய்க் கெடக்க. என்கிட்ட பொய் சொல்லி இட்டாந்தியே, அப்பவே தெரியல ஒன் நம்பிக்க!"

அவள் கருவறையை நோக்கித் திரும்பினாள். நோய் இன்னதென்று தெரிந்த நாள்முதல் அவள் அம்மனிடம் ஏன் என்று ஒரு சொல்லும் கேட்டதில்லை. விளக்கேற்றினாள், விழுந்து வணங்கினாள், வாயை மூடிக்கொண்டு எழுந்தாள். அடக்கி வைத்திருந்த அவ்வளவும் இப்போது தொண்டைக்கு ஏறியது.

"ஏ ஆத்தா! நாலு வயசுப் புள்ளகிட்ட ஒனக்கு இன்னா கோவம்? முடி வேணும்னா என் தலையில இல்லியா? எல்லைக்கு அந்தாண்ட நீ வரமாட்டியாமே, நெசமா? பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஒனக்கு வழி தெரியாதா? இந்தக் கரையோட நீ முடிஞ்சி போறவன்னா, நீ இவுங்களுக்கே இரு. நான் கும்புடறவ எம்புள்ள கூட வருவா!"

பொங்கல் பானையருகே நின்றிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். பக்கிரி கயிற்றை உயர்த்திக் காட்டினார்.

"ஏம்மா, கையில எடுத்த காப்ப சும்மா கீழ வெக்கக் கூடாது. யாராவது கட்டிக்கினே ஆவணும்."

"கட்டுங்க. இவுரு கையில கட்டுங்க. நம்பிக்க ஜாஸ்தியா இருக்கறவரு இவுருதான!"

பழனிவேலின் வலக்கையை அவளே பற்றி நீட்டினாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை, அம்மன் முன்னிலையில் எவ்வாறு இழுப்பான்? பக்கிரி முடிச்சை இறுக்கினார். மைத்துனன் முறையுள்ள ஒருவன் கூட்டத்திலிருந்து, "மச்சான், எட்டு நாளைக்குக் கறி கவிச்சிகூட கெடையாது!" என்று கூவினான். ரத்தினம்மாள் முறைத்ததில் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

இலக்கியா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாலைக்கு நடந்தாள். பழனிவேல் பின்னால் ஓடிவந்தான். எல்லைக்கல்லருகே அவன் கால்கள் தாமே நின்றுவிட்டன.

"இலக்கியா, தனியா எப்பிடி போவ?"

"நான் எங்க தனியா போறேன்?" என்றாள் அவள், திரும்பாமலே.

சிதம்பரத்தில் கடலூர்ப் பேருந்து ஏறி அமர்ந்த பிறகும் அவளுடைய சினம் தணியவில்லை. உறங்கிவிட்ட குழந்தையின் மொட்டைத் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தவாறு பல்லைக் கடித்து அம்மனிடம் பேசிக்கொண்டே வந்தாள்.

"வந்துருக்கல்ல? வந்துதான் ஆவணும். நாளைக்கு ஊசி ஏறறப்ப நீ அவ தலமாட்டுல நிக்கணும். பூவுங் கெடையாது, பொங்கலுங் கெடையாது, சும்மா நில்லு. புள்ள பொழச்சப்பறம் ஒனக்கும் எனக்கும் இருக்குது பேச்சு."