வேர் பார்த்த பரிசோதகர்

முப்பத்திரண்டு வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். "பாலை இறக்கிட்டேன்" என்று மனைவி சொன்னாலும் எழுந்துபோய் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஓய்வு பெற்றபின் பரிசோதிக்க ஆள் இல்லை. கையின் நமைச்சல் மட்டும் மிச்சம்.

அவர் மனைவியும் அவளுடைய அக்காவும் அந்த வீட்டின் மொட்டை மாடியில் செடிப்பண்ணை நடத்திவந்தார்கள். பூவுக்கு அங்கே வேலையில்லை. டிரசீனா, குரோட்டன்ஸ், மணி பிளான்ட் என்று எல்லாம் இலை அழகுக்காக வளர்ப்பவை. அக்காவுக்கு முழங்கால் வலி. ஆகவே அவள் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து தொட்டியில் நிரப்புவாள். தங்கை மாடிக்குத் தூக்குவாள். ஈரச் செம்மண் தொட்டி என்ன லேசா? பத்து வருடத்தில் தங்கையின் வலது தோள், தலை சீவக்கூட மேலே வரமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் அவள் தேங்காய் நார்த்தூள் கட்டி நான்கு வாங்கிவந்தாள்.

"இதுல போட்டா தொட்டி பஞ்சு மாதிரி இருக்கும்க்கா. என் தோள் பிழைச்சுக்கும்."

"பஞ்சுல தலகாணி செய்வாங்கடி. செடி மண்ணுலதான் வரும்."

"வராதுன்னு நீ வெச்சுப் பாத்தியா?"

தங்கை பிறந்ததிலிருந்து அக்காவை எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அக்கா விடுவாளா? போட்டி வைத்தாள். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு நாற்பது டிரசீனா தண்டு, ஆறு வாரம். எதில் அதிகம் வேர் விடுகிறதோ, இனி பண்ணை முழுக்க அந்தக் கலவை. தோற்றவள் வாயைத் திறக்கக்கூடாது.

டிரசீனா தண்டு என்றால் இலை ஒன்றுகூட இல்லாத, விரல் நீளத் துண்டு. எது தலை, எது கால் என்று குழம்பாமல் இருக்க அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுவார்கள். தங்கை நார்த்தூளை உப்புப் போக மூன்று முறை அலசினாள், பிழிந்தாள், கொஞ்சம் கரித்துண்டு சேர்த்தாள். வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசை நட்டு, தட்டைச் சுவரோரம் வைத்தாள்.

பரிசோதகருக்கு மூன்று நாள்தான் பொறுமை இருந்தது. நான்காம் நாள் மத்தியானம் சகோதரிகள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து மாடியேறினார். மனைவி ஜெயிக்கிறாளா என்று தெரிந்துகொள்ளாமல் மனிதர் எப்படி இருப்பார், சொல்லுங்கள்? முதலில் எதிரணித் தட்டு. செம்மண் இறுகியிருந்தது. ஒரு தண்டைப் பிடித்து இழுத்தார். பாதியில் படக்கென்று ஒடிந்து கையோடு வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

நார்த்தூளோ தங்கமான குணம். இழுத்தால் வந்தது, வைத்தால் மூடிக்கொண்டது, தடயமே இல்லை. முதல் தண்டு: வேர் இல்லை. வைத்தார். இரண்டாவது: இல்லை. வைத்தார். பேருந்தில் இருக்கை இருக்கையாகப் போவதுபோல் நான்கு வரிசை முடித்தார். ஐந்தாவது சுவரை ஒட்டி இருந்தது. தொப்பை தடுத்தது, கை எட்டவில்லை. 'முப்பத்திரண்டு பாத்தாச்சு, போதும்' என்று இறங்கிவிட்டார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும்.

ஐந்தாம் வாரம் அக்காவின் தட்டில் பச்சை முளைகள் எட்டிப் பார்த்தன. தங்கையின் தட்டில் தண்டுகள் சுருங்கிப் பழுப்பாகிக்கொண்டிருந்தன. உப்பு போகவில்லையோ, தண்ணீர் அதிகமோ என்று அவள் அரற்றினாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. "கவலப்படாத, நான் இருக்கேன்ல" என்றார் பரிசோதகர். அன்று முதல் காலையிலும் ஒரு சுற்றுச் சேர்த்துக்கொண்டார்.

ஆறாம் வாரம் அக்கா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகியபடியே மாடிக்கு வந்தாள், தீர்ப்புச் சொல்ல. தன் தட்டை இரண்டு முறை எண்ணிவிட்டுத் தங்கையின் தட்டில் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏண்டி, சாய்வு வெட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது?"

ஒன்றல்ல, ஏழு தண்டுகள் தலைகீழாக நின்றன.

"தல எது கால் எதுன்னு தெரியாமத்தான் எங்கூடப் போட்டி போட்டியா? பத்து வருஷம் சொல்லிக் குடுத்தது எல்லாம் வீண்!"

தங்கைக்கு முகம் செத்துவிட்டது. "நான் சரியாத்தான் நட்டேன்க்கா..." என்றாள். குரல் உடைந்தது.

அந்தக் குரலைப் பரிசோதகரால் தாங்க முடியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"கண்ணாடி போடாமப் போன அன்னிக்கு நடந்திருக்கும்."

"என்ன நடந்திருக்கும்?"

"வேர் விட்டுச்சான்னு... லேசா... இழுத்துப் பாத்தேன்."

"எத்தன தடவ?"

"தினமும். கடைசி வாரம் ரெண்டு வேள."

"என்னங்க!" என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லில் அவர் நாற்பது வருடத் திட்டையும் வாங்கிக்கொண்டார்.

"மாப்ள, என் தட்டுல கைய வெச்சீங்களா?" என்றாள் அக்கா.

"ஒண்ணே ஒண்ணுக்கா. ஒடிஞ்சிருச்சு. உங்க மண்ணு ரொம்பக் கறாரு."

"அதானே, முப்பத்தொம்பது எப்படி வந்துச்சுன்னு மண்டைய உடைச்சுக்கிட்டேன்!"

தங்கை திடீரென்று நிமிர்ந்தாள். "எந்த வரிசையயாவது தொடாம விட்டீங்களா?"

"கடைசி வரிச. எட்டல."

அவள் தட்டைத் திருப்பினாள். சுவரோர எட்டுத் தண்டிலும், சுவரைப் பார்த்த பக்கமாக, இதுவரை கண்ணில் படாத முளை. ஒன்றை மெல்ல எடுத்தாள். வெள்ளை வெளேரென்று கொத்து வேர், நார்த்தூளை அள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தது. அக்கா தன் தட்டிலும் ஒன்றைப் பிடுங்கினாள். வேர் இருந்தது, ஆனால் பாதி அறுந்து செம்மண்ணிலேயே தங்கிவிட்டது.

"எட்டுத் தண்ட வெச்சு முப்பத்தொம்பத ஜெயிச்சதாச் சொல்ல முடியாது" என்றாள் அக்கா, விட்டுக்கொடுக்காமல்.

தங்கை நார்த்தூள் நிரப்பிய பெரிய தொட்டியில் தான் எடுத்த செடியை வைத்து, அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா அதை வாங்கினாள், தூக்கினாள், ஏற இறங்க ஆட்டிப் பார்த்தாள்.

"அடியே, இவ்ளோ லேசா இருந்தா நானே தூக்கிருவேனே!"

சொல்லி முடித்தபின்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சொல் வாயைவிட்டுப் போய்விட்டது. தங்கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது பண்ணையில் நார்த்தூள்தான். பாதித் தொட்டிகள் அக்காவின் பங்கு. முனகல் மட்டும் முழுதாக அவளுடையது. பரிசோதகருக்கு ஒரு கண்ணாடிப் புட்டியில் தனியாக ஒரு தண்டு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், இழுக்காமலே வேர் பார்க்கும்படி. தினமும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான். அது மனைவி போட்ட நிபந்தனை.