பெற்ற தகப்பனே சொல்கிறார்

கூடைப்பந்தில் ஒரு பக்கம் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் முழிக்கிற ஆட்களெல்லாம் அன்று காலையிலிருந்து பாண்டிராஜுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனிதர், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வாயை எப்படி அடைப்பது?

"கடைசிப் பந்த உங்க மக பாஸ் பண்ணிருக்கணும்ணே" என்றான் பருத்திக் கமிஷன் கடைக்கு வேலைக்குப் போகிற சங்கரபாண்டியன். "பக்கத்துல ஒருத்தி சும்மாதான நிக்கிறா."

"நீ இதுக்கு முன்ன பாஸ்கட்பால் பாத்திருக்கியாப்பா?"

"இல்லண்ணே. நேத்துத்தான் போன்ல பாத்தேன்."

பாண்டிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினார்.

எல்லாம் அந்த வீடியோ செய்த வேலை. அவர் மகள் சுகந்தி தமிழ்நாட்டு அணியின் நட்சத்திரம். தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றுப்போனது. அணி எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் அவள் போட்டது. கடைசியாக எறிந்த பந்து மட்டும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. அவ்வளவுதான், விளையாட்டுச் செய்தி சொல்கிற யூடியூப் சேனல்காரன் ஒருவன் அவளைப் பிரித்து மேய்ந்துவிட்டான். தலைக்கனமாம். யாருக்கும் பந்து கொடுக்க மாட்டாளாம். பயிற்சிக்கே ஒழுங்காக வருவதில்லையாம். தோற்ற பிறகு ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தாளாம், அதுவும் திமிராம். தோற்றவளுக்குத் தாகம் எடுக்கக் கூடாது போல. போன மாதம் வரைக்கும் கரிசல்காட்டுச் சிங்கம் என்று அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியதும் இதே வாய்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீடியோவின் நடுவில் பாண்டிராஜே வந்தார். ஆட்டோவில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "அட, அவளா? சோம்பேறிக் கழுத. எழுப்பி விட்டாத்தான் எந்திரிப்பா. என்னமோ ஆளு வளத்தியா இருக்கா, பந்து தானா விழுகுது." கீழே கொட்டை எழுத்தில் 'பெற்ற தகப்பனே சொல்கிறார்' என்று போட்டிருந்தான்.

சொன்னது அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. போன மாதம் அவள் ஒரு கோப்பையை ஜெயித்தபோது அந்தச் சேனல்காரன் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். தெருவே கூடி நின்றது. அத்தனை கண்ணுக்கு முன்னால் "உங்க மக இந்தியாவுக்கே ஆடுவாங்க போல" என்று கேட்டால் எந்தத் தகப்பன் ஆமாம் என்பான்? இந்தப் பக்கம் பருத்தி பூராவும் வெடித்து வெள்ளையாகக் கிடந்தாலும் "என்னத்த, பூராம் புழு" என்றுதான் சொல்வார்கள். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் தாய்க்காரி "எங்க சாப்புடுது" என்று அலுத்துக்கொள்வாள். கண்ணு பட்டுவிடக் கூடாதே என்று சொல்கிற பேச்சு. சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து விடியுமுன்னே எழுந்து அப்பனை உலுக்கி எழுப்பி, டவுன் மைதானத்துக்குக் கொண்டுபோய் விடச் சொன்னவள் சுகந்தி. அவள் பந்து தட்டி முடிக்கிறவரை ஆட்டோவுக்குள் படுத்துத் தூங்கியவர்தான் பாண்டிராஜ்.

மத்தியானம் சுகந்தி போன் செய்தாள்.

"அப்பா, சாப்ட்டீகளா?"

"சோறு கெடக்கட்டும். அந்தப் பய போட்டதப் பாத்தியா?"

"பாத்தேன்பா. எனக்கு நம்மூருப் பேச்சு தெரியும். தேர்வுக் குழுவுல இருக்கவுகளுக்குத் தெரியுமா? இந்தியா கேம்ப்புக்கு நாளைக்கு லிஸ்ட் போடுறாக. அப்பாவே அப்பிடிச் சொல்றாரேன்னு கோச்சக் கேட்டிருக்காக."

 பாண்டிராஜ் உடனே சேனல்காரனைப் போனில் பிடித்தார். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"நீங்க சொன்னதைத்தானே சார் போட்டோம்? ஒரு வார்த்தை சேர்த்தோமா? இப்ப வேற மாதிரி சொல்லணுமா, சொல்லுங்க. அதையும் போடுறோம்."

மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாகச் சாயங்காலமே வந்து இறங்கிவிட்டான். மறுபடியும் தெரு கூடிவிட்டது. விசைத்தறி வேலை முடிந்து வந்த சுந்தராம்பாள் புருசனை ஓரமாக இழுத்தாள்.

"ஏங்க, இத்தன பேரு முன்னாடி வேணாங்க. புள்ளைக்குக் கை கால்ல அடிகிடி பட்டுச்சுன்னா?"

"பேசாம இரு. ஏற்கெனவே பட்ட அடி பத்தாதா?"

மைக் முகத்துக்கு நேரே வந்ததும் பாழாய்ப்போன வாய் பழக்கதோஷத்தில் "அட, என்னமோ" என்றுதான் தொடங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எம்மக மாதிரி பாடுபடுற புள்ளய நான் பாத்ததில்ல. நல்லா ஆடுறா. ரொம்ப நல்லா ஆடுறா. அவளப் பெத்ததுக்கு எனக்குப் பெருமையா இருக்கு."

 எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தராம்பாள் உப்பும் மிளகாயும் எடுக்க உள்ளே ஓடினாள்.

மறுநாள் காலையில் அந்த வீடியோவும் வந்தது. 'ஒரே நாளில் பல்டி அடித்த தந்தை! மிரட்டியது யார்?' என்று தலைப்பு. பாண்டிராஜுக்குப் போனைத் தூக்கி ரோட்டில் எறியலாமா என்றிருந்தது.

அருப்புக்கோட்டையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது சுகந்தி மறுபடி கூப்பிட்டாள்.

"அப்பா, லிஸ்ட்ல பேரு வந்துருச்சு. கோச்சு என் மேட்ச்சப் பூராம் போட்டுக் காட்டிருக்காரு. வீடியோவ அவுக கண்டுக்கிறல."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கோபமும் வந்தது. "அந்தப் பய திருந்தவே மாட்டானா? குறைச்சுச் சொன்னா அப்பனே சொல்லிட்டான்கிறான். நல்லதச் சொன்னா பல்டிங்கிறான். இவனுக்கெல்லாம் யாரு மைக்கு வாங்கிக் குடுத்தா?" என்று தாளித்துக் கொட்டினார். 

"ஏத்தா, இருக்கியா?"

"நீங்க நேத்துச் சொன்னத நானும் பாத்தேன்பா. திரும்பத் திரும்பப் பாத்தேன்." குரல் உடைந்திருந்தது. "நீங்க வெளிய குறைச்சுச் சொல்றது சும்மாதான்னு தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், நெசமாவே அப்பிடித்தான் நெனைக்கிறாரோன்னு இருக்கும்."

"கூறுகெட்டவளே, ஊருக் கண்ணு பட்ரும்னுதான..."

"வீட்டுக்குள்ள எந்த ஊருப்பா இருந்துச்சு? கதவச் சாத்திக்கிட்டாவது ஒரு தடவ சொல்லிருக்கலாம்ல?"

வண்டி நிறைந்துவிட்டது, எடுக்கச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினார்கள். நேற்றிலிருந்து வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த பாண்டிராஜுக்கு இப்போது திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.