எண்ணிக்கை குறையாத கீரை

என் கடைக்கு நேர் எதிரே என் ஓரகத்தியின் கடை. அவள் கண்ணாடிக் கதவில் அந்தப் பச்சை ஸ்டிக்கர் ஏறிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 'ஊட்டச்சத்து கார்டு இங்கே செல்லும்' என்று அதில் போட்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் அரசாங்கம் கொடுக்கும் கார்டு. காய், பழம், பால், முட்டை மட்டும் அதில் வாங்கலாம். அவள் வாசலில் எப்போதும் வரிசை.

எதிர்வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று ஒருத்தி அம்மிக்குழவியால் வயிற்றில் இடித்துக்கொண்டாளாம். சிரிக்காதீர்கள். அவளுக்கு எங்கே வலித்தது என்று எனக்குத் தெரியும்.

வரிசையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதில் என் மகளும் நின்றாள். ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு என் கடையைத் தாண்டித்தான் அங்கே போவாள்.

"என்ன பண்றதும்மா, உன் கடையில கார்டு செல்லாதே. சித்தி நல்லதாப் பொறுக்கி எடுத்து வைக்கிறாங்க."

பெற்றவள் நான். பொறுக்கி வைப்பது அவளா? அன்றே விண்ணப்பம் போட்டேன்.

அனுமதிக்கு ஏழு வகைக் காய், பழம் வேண்டுமாம். வகைக்குக் குறைந்தது பத்து இருக்க வேண்டும். அதிகாரி சொல்லாமல் வந்து பார்ப்பார். காய் வைத்தால்தான் அனுமதி. அனுமதி இல்லாத கடையில் காய் வாங்க யார் வருவார்கள்? காசு கொடுப்பவர்கள் என்னிடம் பிஸ்கட்டும் சிப்ஸும்தான் கேட்பார்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தோடு எனக்குத் தலை சுற்றியது, அடுத்ததைப் புரட்டவில்லை. மற்றதை எதிர்க்கடையில் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

சிப்ஸ் அலமாரியைக் காலி செய்து ஏழு கூடைகளை வைத்தேன். கீரை பத்தே கட்டு. முதல் நாளே ஒருவர் இரண்டு கேரட் கேட்டார். பத்து எட்டாகிவிடுமே! விற்பனைக்கில்லை என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மகள் படியேறி வந்தாள்.

"அம்மா, சித்தி கடையில கீரை தீர்ந்துபோச்சு. ஒரு கட்டு குடு, காசு தரேன்."

தீர்ந்துபோச்சு என்ற சொல் காதில் விழுந்ததும் என் வயிறு குளிர்ந்தது. ஆனால் கை கூடைக்குப் போகவில்லை.

"இன்னைக்கு வேணாம்டி. எண்ணிக்கை குறைஞ்சிடும். அந்த ஆள் எப்ப வருவாரோ."

"ஒரே ஒரு கட்டும்மா."

"ஸ்டிக்கர் மட்டும் வரட்டும், அப்புறம் தினமும் உனக்குத்தான்."

அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெறுங்கையோடு இறங்கிப் போனாள்.

ஐந்தாம் நாள் அதிகாரி வந்தார். கீரைக்கட்டைத் தூக்கினார். மஞ்சளாகிப்போன இலை அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"எண்ணிப் பாருங்க சார்," என்றேன் பெருமையாக. "பத்தும் அப்படியே இருக்கு. பெத்த பொண்ணு கேட்டும் குடுக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அழுகினது கணக்குல சேராதும்மா. ஆறு வகைதான் தேறுது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி போடுங்க."

ஆறு மாதம் கழித்தா? அதற்குள் என் பேரப்பிள்ளை குப்புற விழுந்திருக்கும்.

"அவ கடையில தீர்ந்தே போகுது. அது மட்டும் சரியா?" என்றேன்.

"வித்ததுக்குப் பில்லைக் காட்டினா அந்த எண்ணிக்கையையும் சேர்த்துக்குவோமே. ரெண்டாம் பக்கத்துல இருக்கு. எதிர்க்கடை அம்மாவைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

சாயங்காலம் மகள் எதிர்க்கடையிலிருந்து பையோடு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆரஞ்சு ஒன்றை உரித்தாள். கீரைக்கூடை காலியாக இருந்ததைப் பார்த்தாள். ஒரு சுளையை என் வாயருகே நீட்டினாள்.

"சாப்பிடும்மா. சித்தி பொறுக்கிக் குடுத்தது."

புளிக்க வேண்டும், புளிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கடித்தேன். பாழாய்ப்போன பழம், தேனாக இனித்தது.