வராதவர் தேறிய தேர்வு

வாசகப் பெருமக்களே, சாட்சி சொல்ல வாருங்கள். குற்றம் நடந்த இடம் ஒரு மருத்துவமனை அலுவலகம். ஆயுதம், கணினிக் கட்டத்துக்குள் கிடந்த ஒரு குறி. இக்கதை எனக்கு அம்மருத்துவமனையின் லிஃப்டில் கிடைத்தது. நோயாளியைப் பார்க்க ஏறியவன், லிஃப்ட்காரர் சொல்லி முடிக்கும்வரை இறங்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன்.

1

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'சலவைப் பிரிவின் நீராவியில் அவள் கனவுகள்…' அடித்துவிட்டேன். நீராவியில் கனவு வேகாது, போர்வைதான் வேகும்.

நேராகவே சொல்கிறேன். சலவைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகமாக உழைக்கும் ஒரு பெண்மணி, எல்லாருக்கும் அக்கா. (புதிய கட்டடமே அக்காவுக்குப் பின் வந்ததுதான். அதை எவரும் தற்காலிகம் என்பதில்லை.) தேர்வொன்று வைத்தார்கள். அறுபது மதிப்பெண் எடுத்தாலே நிரந்தரம், எடுக்காதவர் மாதக் கடைசியோடு வெளியே என்று பலகையில் ஒட்டினார்கள். அக்கா எடுத்தது அறுபது. முடிவு: தகுதியில்லை.

லிஃப்ட்காரரும் தற்காலிகம்தான். அவர் தேர்வுக்கே போகவில்லை. முடிவு: தகுதி.

"அன்னைக்கு நான் பல்லு புடுங்கப் போயிருந்தேன் சார். வாயைத்தான் திறந்தேன், வேலை கெடச்சிருச்சு."

2

எனக்கொரு வில்லன் வேண்டும். அலுவலகக் கண்காணிப்பாளரை லஞ்சப் பேர்வழியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வாங்கியிருந்தால் வேலையையாவது ஒழுங்காகச் செய்திருப்பார்! அவர் செய்ததெல்லாம் அவசரம். அக்காவின் பெயருக்கு எதிரே அவர் தட்டியது இது:

=B7>60

B7 என்பது அக்காவின் மதிப்பெண் கிடக்கும் கட்டம்; அது அறுபதைவிடப் பெரியதா என்று பொருள். அறுபது எப்படி அறுபதைவிடப் பெரியதாகும்? பெரியதோ சமமோ என்று கேட்க >= என்று எழுதியிருக்க வேண்டும். இதே கேள்வியைத்தான் எல்லார் பெயருக்கு எதிரேயும் நகலெடுத்து ஒட்டினார். லிஃப்ட்காரரின் மதிப்பெண் கட்டத்திலோ 'வரவில்லை' என்று தட்டியிருந்தார். அம்மென்பொருளின் சாத்திரப்படி எந்தச் சொல்லும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே 'வரவில்லை' அறுபதை வென்றது, நூற்றையும் வெல்லும்.

(தலையில் நிற்கும் முதல் சமக்குறியைக் கண்டு ஏமாறாதீர்கள். அது வாயிற்காவலர், 'வருவது கணக்கு' என்று கட்டியம் கூறுவதோடு அதன் வேலை முடிந்தது. சமத்துவத்தை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே பெரியவர் யார் என்று விசாரிக்கும் வீடுகளை நாம் அறியாதவர்களா?)

3

அக்கா கண்காணிப்பாளரிடம் போனார். துணைக்கு லிஃப்ட்காரரும் போய், தான் தேர்வு எழுதவில்லை என்று தானே சாட்சி சொன்னார்.

"கம்ப்யூட்டர் சொல்லிடுச்சும்மா. என் கையில என்ன இருக்கு?"

"மவுஸ் இருக்கு சார்," என்றார் அக்கா.

கண்காணிப்பாளர் கட்டத்தைத் திறந்தார். பார்த்தார். காது சிவந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரியவர் கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. இப்ப மாத்தினா, தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்," என்றார்.

"இவன் பேரை எடுக்கச் சொல்லலை சார். என் பேரைச் சேருங்கன்றேன்."

திரையை மூடிவிட்டார். வில்லன் கிடைத்துவிட்டான், வாசகரே. அவசரத்தை மன்னிக்கலாம். கண்ட பிறகு மூடிய கையை?

4

முடிவு ஒன்று: தலைமை மருத்துவர் கொதித்தெழுந்து பட்டியலைத் திருத்துகிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

முடிவு இரண்டு: அக்கா வெளியேற, அழுக்குத் துணி மலையாய்க் குவிய, நிர்வாகம் மனம் திருந்துகிறது. பொய். இன்னொரு தற்காலிக அக்காவை அமர்த்துவார்கள்.

முடிவு மூன்று: 'கண்ணீர் மல்க அவள்…' இல்லை. அக்கா அழவில்லை. இன்று காலையும் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். மாதம் இன்னும் முடியவில்லை.

முடிவெழுத மறுக்கிறேன். உங்கள் அலுவலகத்திலும் இப்படியொரு கட்டம் வாசற்படிவரை வந்துவிட்ட எவரையோ பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். போய்த் திறவுங்கள். விளிம்பில் நிற்பவரின் எண்ணை இட்டுச் சோதியுங்கள். 'வரவில்லை' என்றும் தட்டிப் பாருங்கள். எவர் கையெழுத்திட்டிருந்தாலும் திருத்துங்கள். பழக்கத்துக்கு இங்கேயே தொடங்கலாம். இடம் விட்டிருக்கிறேன், பேனாவை எடுத்துக் குறியைப் போடுங்கள்:

=B7> __ 60