கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே

படச் சட்டத்தின் முதுகில் ஒட்டியிருந்த பழுப்புத் தாளை, அதைச் செய்துகொடுத்த தச்சர் உஸ்தா வஹீப் தன் கடையில் கத்தியால் கிழித்தபோது நஜ்லா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு குளிர்காலம் அலெக்சாந்திரியாவின் கடல் ஈரம் தின்ற படம். அம்மாவின் கன்னம் கண்ணாடியோடு ஒட்டித் திட்டாகத் தெரிந்தது. போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள் அம்மா. தம்பி ஷௌகி கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்து நீர்வண்ணத்தில் தீட்டிய இந்த ஒரு படம்தான் அவள் முகத்துக்கு மிச்சம். காய்வதற்குள் அம்மா தொட்டுப் பார்த்து, ஓரத்தில் நீலமாகத் தன் விரல் தடத்தையும் பதித்துவிட்டாள். அடுத்த மாதம் அவள் இல்லை.

அந்தத் தடம் மறையக் கூடாதென்றுதான் சட்டம் போடக் கொடுத்த அன்று, படத்தின் ஓரத்தைச் சுற்றிலும் மூடும் மவுண்ட் அட்டை வேண்டாமென்றாள் நஜ்லா. தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாதா என்று மூன்று தரம் கேட்கவும் செய்தாள். "உள்ள மெல்லிசா நாலு கட்டை வச்சு இடைவெளி விட்டுடறேன்மா. என் கண்ணு மேல ஆணை" என்றார் உஸ்தா.

இப்போது பின்பலகை கழன்று வந்தது. உள்ளே கட்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

"சின்னத் திட்டுதான்மா" என்று தாளின் ஓரத்தைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க!"

இழுத்துவிட்டார். கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. தாளில் வெள்ளையாக ஒரு தழும்பு.

"பரவாயில்லம்மா. தம்பிகிட்ட குடுத்தா தொட்டுக் குடுத்துடுவான்."

நஜ்லாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மிதிபட்டவள் சொல்ல வேண்டிய வார்த்தையை மிதித்தவர் சொல்கிறார். கை நீண்டுவிடுமோ என்று பயந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அங்கே முண்டாசு கட்டிய ஒருவரின் பென்சில் படம் மாட்டியிருந்தது. அதற்கும் மவுண்ட் இல்லை. ஆனால் சட்டத்தின் நிழல் தாளின்மேல் ஒரு விரற்கடை விழுந்திருந்தது. ஒட்டிக் கிடக்கும் தாளில் அப்படி நிழல் விழாது.

"அது யாரு?"

"எங்கப்பா."

"உங்கப்பாவுக்கு மட்டும் கட்டை வச்சிருக்கே?"

வஹீப் கத்தியை மடக்கினார், விரித்தார். "நாலு கட்டை இழைக்க அரை நாள் போவும்மா. யாரு சட்டத்தத் திறந்து பாக்கறாங்க?"

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே." அவள் குரல் சந்துக்குக் கேட்டது. எதிரே நாற்காலிக் கடை வைத்திருப்பவர் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். "கழட்டு அத. அந்தக் கட்டைய உருவி எங்கம்மாவுக்கு வை. உங்கப்பா மூஞ்சி கண்ணாடில ஒட்டிக்கட்டும்."

"ஐயோ, அவரோட ஒரே படம்மா அது!"

"பரவாயில்ல உஸ்தா."

எதிர்க்கடைக்காரர் சிரிக்கவில்லை. வஹீப் முக்காலியில் ஏறிப் படத்தை இறக்கினார், மார்போடு அணைத்துக்கொண்டு. மேஜையில் கவிழ்த்து முதல் ஆணியில் குறடு வைத்தார். கை அங்கேயே நின்றது.

நஜ்லா ஆணி கழலக் காத்து நின்றாள். பக்கத்தில் கிடந்த பழைய கண்ணாடியில் வாசல் வெயில் பட்டு, அம்மாவின் கன்னம் மட்டும் சிவந்திருந்தது.