எந்த ஆம்புலன்ஸுக்கும் உதவாத பதில்கள்

1

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவின் கைப்பையில், மூன்றாக மடித்த ஒரு மருந்துச் சீட்டில் இருந்தது. டாக்டர் இரண்டு மாத்திரைகளின் பெயரை எழுதிவிட்டு, மூன்றாவது வரியில், அதே கிறுக்கலில், 'மரத்தடி. தினம் ஒரு வேளை, இருபது நிமிடம். போன் இல்லாமல்' என்று எழுதியிருந்தார்.

அக்கா அதைப் படிக்காமலே மருந்துக்கடையில் நீட்டியிருக்கிறாள். கடைக்காரர் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, மூன்றாவது வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"மேடம், இந்த மூணாவது நம்ம கடையில வராது."

"ஸ்டாக் இல்லையா? எப்ப வரும்?"

"எதிர்லயே இருக்குங்க. ரோட்டைத் தாண்டினா பார்க் கேட்டு. ஆறு மணி வரைக்கும் திறந்திருப்பாங்க."

சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். புரையேறும்வரை சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. தண்ணீரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

[முதல் தொடக்கம், கைவிட்டது: மூடுபனி கலைந்துகொண்டிருந்த ஒரு காலையில், வெண்பட்டை மரங்களுக்கு நடுவே, மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் தன்னந்தனியாக]

அடித்துவிட்டேன். ஆனால் உங்கள் கண்ணில் படட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். நான் மொழிபெயர்ப்பு நாவல்களைத் தின்று வளர்ந்தவள். அவற்றில் மனம் கனத்தவர்கள் உடனே கிளம்பிக் காட்டுக்குள் நடப்பார்கள். மூன்று பக்கம் நடப்பார்கள். திரும்பி வந்து, பதில் போடாமல் வைத்திருந்த கடிதத்துக்குப் பதில் போடுவார்கள். அந்த மரங்களின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கும் மரத்தின் பெயர் தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாட்டிக்கொள்ளப் போகிறேன்.

2

அக்காவுக்கு அவசர உதவி மையத்தில் வேலை. ஆபத்து என்றால் ஒரு எண்ணை அழுத்துகிறோமே, அந்தப் பக்கம் எடுப்பவர்களில் ஒருத்தி. பதினொரு வருடமாக. ஜன்னல் இல்லாத கூடம், பன்னிரண்டு மேசை, மேசைக்கு மூன்று திரை. ஏசி மனிதர்களுக்காக ஓடவில்லை, இயந்திரங்களுக்காக ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு கம்பளிச் சட்டை தொங்கும்.

பதற்றத்தில் இருப்பவர்களுக்கு முதலில் மறந்துபோவது தெருப்பெயர்தான். சொந்த வீட்டு விலாசத்தையே மறப்பார்களாம். அதற்காக மையத்தில் ஒரு கேள்வியைப் பழக்கிவைத்திருக்கிறார்கள்: "கண்ணுக்கு என்ன தெரியுது?" தண்ணீர்த் தொட்டி, பச்சை ஷட்டர், டயர் கடை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, இங்கே திரையில் விரல் ஓடும். அக்கா இதில் கில்லாடி. 'ஒரு நாய் படுத்திருக்கு' என்பதற்கு மேல் வாய் வராத ஒரு பெண்ணை, நாய் வெயிலில் படுத்திருக்கிறதா நிழலிலா, நிழல் எதனுடையது, எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டுக் கேட்டே கண்டுபிடித்தவள்.*

* 'நாய் எழுந்து போயிடும். நிழல் அவ்வளவு சீக்கிரம் போகாது' என்பாள். எழுத்தாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இது. நான் எப்போதும் நாயைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த வேலையில் இன்னொரு வழக்கம் உண்டு. முடிவு சொல்லப்படாது. ஆம்புலன்ஸ் கதவு திறக்கும் சத்தம் காதில் விழுந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அடுத்த அழைப்பு காத்திருக்கும். பிழைத்தார்களா, குழந்தை பிறந்ததா, தீ அணைந்ததா, எதுவும் தெரிய வராது. தினமும் எண்பது கதைகளின் முதல் பக்கம், பதினொரு வருடம். எத்தனை என்று பெருக்கிப் பார்க்கத் தொடங்கினேன், பாதியில்

2, இன்னொரு தடவை

அந்த ஒரு அழைப்பை எழுதாமல் தாண்டிவிடலாமென்று பார்த்தேன். முடியாது. அது இல்லாமல் மற்றது எதுவும் புரியாது.

பட்டப்பகல். ஒரு ஆள். மனைவி மயங்கி விழுந்துவிட்டாள், மூச்சு சரியில்லை. இருவரும் எங்கோ நடக்கப் போயிருக்கிறார்கள், எந்த இடம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா நிதானமாகக் கேட்டாள்.

"சார், நான் லைன்லதான் இருக்கேன். கண்ணுக்கு என்ன தெரியுது?"

"அவ முகம்தான் தெரியுது."

அக்காவின் வாயிலிருந்து அடுத்த கேள்வி வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு விநாடி. பிறகு சுதாரித்து, சுற்றுமுற்றும் பார்க்கச் சொல்லி, இடத்தைப் பிடித்து, வண்டியை அனுப்பி, மூச்சு கொடுக்கும் முறையைச் சொல்லித்தந்து, கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை கூடவே இருந்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். இணைப்பைத் துண்டித்தாள். அடுத்த அழைப்புக்குப் பொத்தானை அழுத்தப் போனபோது விரல் அழுத்த மறுத்தது.

3

அதற்குப் பிறகு தாடையைக் கடித்துக்கொண்டு தூங்கினாள். ரத்த அழுத்தம் நூற்று அறுபதில் போய் உட்கார்ந்தது. வீட்டில் காலிங் பெல் அடித்தால், "அவசர உதவி, சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள். பால் போடுபவர் மிரண்டுபோய்ப் பாக்கெட்டை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

சூப்பர்வைசர் கூப்பிட்டார். மையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கடிகாரம்'.

"ஏழு செகண்டும்மா."

"தெரியும் சார்."

"குறை சொல்லல. மூணு வாரம் லீவு எடு. டாக்டரைப் பாரு. லீவு முடிஞ்ச திங்கக்கிழமை காலையில பத்துலேர்ந்து பதினொண்ணு, ஒரு மணி நேரம் உக்காரு. இன்னொரு ஹெட்செட்ல நானும் கேப்பேன். கை நடுங்கலன்னா உன் நாற்காலி உனக்கு."

"நடுங்கினா?"

"கீழ பதிவறை இருக்கு. அதுவும் நல்ல வேலைதான். டென்ஷனே கிடையாது."

"அங்க போன் அடிக்குமா சார்?"

"அடிக்காது."

"அப்ப எனக்கு வேண்டாம்."

இந்த இடத்தில்தான் நான் என் அக்காவை ஒரு கதாபாத்திரமாகச் சந்தேகப்பட்டேன். இவ்வளவு பட்டும் அதே நாற்காலியை ஒருத்தி விரும்புவாளா? வாசகர் நம்புவாரா? பிறகு தோன்றியது: எண்பது பேர் தினமும் இவள் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறார்கள். அந்தக் கயிற்றை விட அவளுக்கு மனமில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

4

இனி மரத்தடி.

முதல் நாள் அவள் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். குளத்தின் மேல் சாய்ந்த ஒரு பெரிய மரம், கீழே ஒரு பலகை மட்டும் கழன்றுபோன பெஞ்சு. அதற்குப் பின்னால் இருக்கும் பூங்கா கேட்டுக்குத் தாழ்ப்பாள் தளர்ச்சி. யார் வந்தாலும் 'டங்' என்று ஒரு தரம், மூடும்போது மறுபடி ஒரு தரம். ஒவ்வொரு டங்குக்கும் அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். இருபது நிமிடம் கழித்து வீட்டுக்கு வந்தவளிடம் கேட்டேன்.

"என்னக்கா பார்த்தே?"

"மூணு கேட்டு. வடக்கால இருக்கறதுல மட்டும்தான் வண்டி நுழையும். விளக்குக் கம்பம் பதினாலாம் நம்பர். பெஞ்சுலேர்ந்து ரோட்டுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள நாலு நிமிஷம்."

அவளுக்கு அப்படித்தான் பார்க்கத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து தனக்கே அந்தக் கேள்வியைக் கேட்டு, தனக்கே பதில் சொல்லி, வராத ஒரு ஆம்புலன்ஸுக்கு வழி காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான்காம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டதாகச் சொன்னாள். ஆறாம் நாள் மழை தூறியும் எழுந்து வரவில்லை. "அந்த மரத்துக்கடியில மழை ஒரு கால் மணி லேட்டாத்தான் வருதுடி. வெளியில விட்ட அப்புறமும் உள்ள பெஞ்சுக்கிட்ட சொட்டிட்டு இருக்கு." ஒன்பதாம் நாள் பெஞ்சிலேயே தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, தாடையைக் கடிக்காமல். காவலாளி வந்து, "அம்மா, மூடற நேரம்" என்று எழுப்பியிருக்கிறார். இருபது நிமிடம் என்பது எப்போதோ இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

பதிமூன்றாம் நாள் கேட்டேன்.

"இன்னிக்குக் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது?"

யோசித்தாள். "ஒரு எறும்பு, ஒரே ஒரு றெக்கையைத் தூக்கிட்டுப் போச்சு. பாய்மரம் மாதிரி. காத்து அடிச்சா எறும்பே சாஞ்சிடுது, ஆனா றெக்கையை விடல." கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் அந்தக் குளத்துல பட்ட வெயில் மேல ஏறி, கிளையோட அடிவயித்துல ஆடுது. கிளை அசையவே இல்ல, வெளிச்சம் மட்டும் ஆடுது" என்றாள்.

எந்த ஆம்புலன்ஸுக்கும் உதவாத பதில்கள். நான் எழுந்துபோய் அவற்றை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. திறந்த வெளியில் இருக்கும்போது நாடித்துடிப்பு இறங்குவது, பதற்றத்தின் சுரப்பு குறைவது, இதெல்லாம் மருத்துவர்கள் சொல்வதுதான். என் கையில் அது பாடப்புத்தகமாகிவிட்டது. எடுத்துவிட்டு, இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: மூன்றாம் வாரம் பரிசோதனையில் அளவு நூற்று முப்பது. டாக்டர், "எந்த மாத்திரை வேலை செஞ்சுது?" என்று கேட்டார். அக்கா, "மூணாவது" என்றாள். "சந்தோஷம். அதுக்காக முதல் ரெண்டையும் நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் அவர்.)

5

ஞாயிற்றுக்கிழமை காலை. இதுவரை எழுதியதையும், இரண்டு முடிவுகளையும் அக்காவிடம் கொடுத்தேன். துணி மடித்துக்கொண்டே படித்தாள்.

முதல் முடிவு: திங்கட்கிழமை ஹெட்செட்டில் ஒரு முதியவரின் குரல். இடம் தெரியவில்லை. பின்னணியில் 'டங்' என்று ஒரு சத்தம், சற்றுக் கழித்து இன்னொன்று. அக்கா கண்ணை மூடுகிறாள். பதினாலாம் கம்பம், வடக்குக் கேட்டு என்கிறாள். கடிகாரமே நின்றுவிடுகிறது.

"சினிமா" என்றாள் அக்கா.

"ஏன்க்கா, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் அங்க போய் உக்காந்தது எதுக்காவது பயன்பட்டே ஆகணுமா? அந்த மரத்தையும் வேலைக்குச் சேத்துட்டியே. பாவம்டி."

இரண்டாவது முடிவு: அவள் வேலையை உதறிவிட்டுத் தோட்டக்காரி ஆகிறாள்.

"நானா? கள்ளிச்செடிக்கே தண்ணி ஊத்த மறந்து கொன்னவ நான்." அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். புருவம் மேலே போனது. "இது என்ன வாத்து?"

"எந்த வாத்து?"

"குளத்துல மூணு வாத்து மிதக்குதுன்னு எழுதியிருக்கே. அங்க ஏது வாத்து?"

(அந்தப் பத்தியை நீங்கள் பார்க்கவில்லை. வெட்கப்பட்டு அப்புறம் கிழித்துவிட்டேன். வாத்துகளோடு கொஞ்சம் மூடுபனியும் இருந்தது.)

"நீ ஒரு தடவையாவது அங்க வந்திருக்கியா?"

நான் ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"மூணு வாரமா நான் சொல்லச் சொல்ல, இந்த ரூம்ல ஜன்னலைச் சாத்திட்டு எழுதியிருக்கே. உன் முதுகைப் பாரு, கேள்விக்குறி மாதிரி. எப்பப் பார்த்தாலும் தலைவலிங்கற." ஒரு சட்டையை உதறி மடித்தாள். "நாளைக்கு நான் உள்ள உக்காந்திருக்கற நேரம், நீ அங்க உக்காரு. பதினொண்ணுக்கு முடிஞ்சதும் நேரா அங்கதான் வருவேன். போனை எடுத்துட்டு வராதே."

"முடிவு எனக்கு எப்படித் தெரியும்?"

"முடிவா?" சிரித்தாள். "எங்க ஆபீஸ்ல அந்தப் பழக்கமே இல்லையே."

6

திங்கட்கிழமை, பத்து மணியிலிருந்து இந்தப் பெஞ்சில் இருக்கிறேன். இந்தப் பகுதியைப் பென்சிலால் முழங்காலில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடம் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இங்கே உட்கார்ந்தபடி. பொத்தான் மேல் அது நிற்கிறது. அழுத்துகிறதா? பக்கத்தில் கடிகாரம். யாரோ அழுகிறார்கள். அவள் தாடை இறுகுகிறதோ? கேட் 'டங்' என்றபோதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிறகு ஏதோ ஒரு நேரத்தில் ஒரு இலை என் நோட்டின் மேல் விழுந்தது. அதன் அடிப்பக்கம் வெளுப்பாக, மேல்பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. எந்த மொழிபெயர்ப்பிலும் யாரும் இதை என்னிடம் சொன்னதில்லை. பலகை இல்லாத இடைவெளி வழியாகக் கீழே பார்த்தால் எறும்பு வரிசை தெரிகிறது. அதில் ஒன்றுகூடப் பாய்மரம் ஏற்றவில்லை, அதுவும் பரவாயில்லை. நிமிர்ந்தபோது வலி நெற்றியில் இல்லை. எப்போது போனதென்று தெரியவில்லை. அக்காவைப் பற்றிக் கொஞ்ச நேரம் நான் நினைக்கவே இல்லை என்பது உறைத்தது. குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இப்படி ஒரு இடத்திலிருந்து எழுந்து, மறுபடி அந்த ஹெட்செட்டைத் தேடிப் போயிருக்கிறாள். அதை நினைத்தால்தான் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

வாத்துகள் இல்லை. உறுதி செய்துகொண்டேன்.

மரத்தின் நிழல் குட்டையாகியிருக்கிறது. பதினொன்று தாண்டியிருக்கும்.

[மூன்றாவது முடிவு: கேட் 'டங்' என்றது, அக்கா கையை]

இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட் நிஜமாகவே அடித்துவிட்டது. ஒரு தரம். இப்போது இரண்டாவது தரம். எனக்குப் பின்னால், சரளைக்கல்லில் நடை. வேகமில்லை, தயக்கமும் இல்லை. அவளா, வேறு யாராவதா? அவள்தான் என்றால் எந்த முகத்தோடு வருகிறாள்?

திரும்பினால் தெரிந்துவிடும். ஆனால் இந்த நிமிடம்தான் குளத்து வெயில் மேலேறிக் கிளையின் அடிவயிற்றில் ஆடத் தொடங்கியிருக்கிறது. அவள் சொன்னது நிஜம். கிளை அசையவே இல்லை. இதைவிட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

நீங்கள் கேட் பக்கம் பார்த்தபடிதானே இருக்கிறீர்கள்? அவசரமில்லை, நான் லைனிலேயே இருக்கிறேன். சொல்லுங்கள்.

கண்ணுக்கு என்ன தெரிகிறது?